கதவைப் பார்த்திருந்த அக்கா

கதிரையில் இருக்குமுன் அக்கா கதவு எங்கே இருக்கிறது என்று பார்ப்பார். கேக் விற்கிற கடை, பல்வைத்தியரின் காத்திருப்பு அறை, என் வீட்டுச் சாப்பாட்டு மேசை, எங்கே என்றாலும் இதேதான். கதவு தெரிகிற கதிரையில் வேறு யாராவது இருந்தால் அவர் பக்கத்தில் போய்ச் சிரித்துக்கொண்டு நிற்பார். ஒன்றும் கேட்கமாட்டார். கொஞ்ச நேரத்தில் அந்த ஆள் தானாக எழுந்துவிடும்.

கதவு திறந்தால் பேச்சு மாறும். சூப்பில் உப்புக் கூடிப்போனதைப் பற்றி மும்முரமாகச் சொல்லிக்கொண்டிருப்பார். யாரோ தெரியாத ஆள் உள்ளே வருவார். "இன்றைக்குக் காலநிலை மிகவும் இதமாக இருக்கிறது" என்று சுத்தமான ஜேர்மனில் அக்கா அந்த வசனத்தை முடிப்பார். முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. அந்த ஆள் போனதும், விட்ட இடத்திலிருந்து உப்புத் தொடரும்.

அவர் யூதப் பெண். உக்ரெயினில் ருமேனிய எல்லைக்குக் கிட்ட, செர்னிவ்ட்சி என்ற நகரத்தில் பிறந்து, சோவியத் யூனியன் உடைந்த காலத்தில் கணவரோடு ஜேர்மனியில் பீலெஃபெல்டுக்கு வந்தவர். நான் அதற்குச் சில வருடங்கள் முந்தி யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டு, ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, அகதி முகாம்களில் உருண்டு புரண்டு, கடைசியில் இதே ஊரில் ஒரு சமூக நிலையத்துக்கு ஹவுஸ்மைஸ்டர் ஆனவன். ஹவுஸ்மைஸ்டர் என்றால் கட்டடத்தின் திறப்பெல்லாம் இடுப்பில் தொங்கும். ஹீற்றர் சுடாவிட்டாலும் நீ, மலசலகூடம் அடைத்தாலும் நீ. ஒவ்வொரு வியாழக்கிழமை மாலையும் அக்காவின் நாடகக் குழு கீழ் மண்டபத்தில் ஒத்திகை பார்த்தது. அப்படித்தான் பழக்கம்.

நாங்கள் கதைத்ததெல்லாம் ஜேர்மனில். அவர் என்னை மரியாதையாக 'ஹெர்' போட்டுத்தான் கூப்பிட்டார். ஆனால் என் ஞாபகத்தில் அவர் யாழ்ப்பாணத் தமிழ் கதைக்கிறார், என்னைத் தம்பி என்கிறார். ஏன் என்று தெரியாது. திருத்த நான் முயலவுமில்லை. அவர் அக்கா என்றால் அவருடைய கணவர் முறைப்படி எனக்கு அத்தான். அந்த மனிதருக்குக் கடைசிவரை இது தெரியாது.

முதல் நாள் நான் ஹீற்றர் பார்க்கப் போனேன். வெளியே நிற்கும்போது உள்ளே பெரிய சிரிப்பும் கூச்சலும். யாரோ ஒரு பெண் விக்கி விக்கி அழுகிறார். கதவைத் திறந்தேன். ஏழு வயோதிபர்கள் மேடைக்கு முன்னால் விறைத்து நின்றார்கள். அழுதுகொண்டிருந்த பெண் கண்ணைத் துடைக்காமலே, "உணவுக்குப் பின் நாளொன்றுக்கு ஒரு தடவை" என்றார். எதிரே முழங்காலில் நின்ற கிழவர், "மதிப்பிற்குரிய செல்வி அவர்களே, தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது" என்றார். நான் ஹீற்றரைத் தட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். ஏதோ நவீன நாடகம், எங்களுக்கு விளங்காது என்று நினைத்தேன். கதவைச் சாத்தியதும் மறுபடி அழுகையும் சிரிப்பும் கேட்டது.

கன கிழமை இப்படியே போனது. நான் போனால் மருந்துச் சீட்டும் அரசாங்கக் கடிதமும். வெளியே வந்தால் உள்ளே ஒரு கலியாண வீடு. கடைசியில் ஒருநாள் திறப்புக் கோர்வை சத்தம் போடாமல் கையில் பொத்திப் பிடித்துக்கொண்டு வெளியே நின்று கேட்டேன். அது ஜேர்மன் மாதிரி இருந்தது, ஆனால் ஜேர்மன் இல்லை. ஜேர்மன் வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றி, சாரம் கட்டிக்கொண்டு இருந்தால் எப்படியோ அப்படி. அதுதான் யிடிஷ் என்று அக்கா பிறகு சொன்னார். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வீட்டுமொழி. ஜேர்மனுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். எழுத்து மட்டும் ஹீப்ரு, வலமிருந்து இடம் போகும்.

"நீங்கள் வெளியிலை நிண்டது எனக்குத் தெரியும் தம்பி" என்றார். "கதவுக்குக் கீழை நிழல் விழுந்தது."

"அப்ப ஏன் நிப்பாட்டேல்லை?"

"உள்ளை வந்தாத்தானே பொலிஸ். வெளியிலை நிண்டா அது சனம்."

இதற்கு விளக்கம் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. அன்றிலிருந்து வியாழக்கிழமைகளில் நான் மண்டபம் பூட்டி வீட்டுக்குப் போக நேரமானது.

அக்கா வரலாறு சொல்லும்போது சூரியகாந்தி விதை கொறிப்பார். கோதுகளை மேற்சட்டைப் பையில் போடுவார், நிலத்தில் ஒன்றுகூட விழாது. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது. நூறு வருடத்துக்கும் முந்தி யிடிஷ் நாடகம் பிறந்த இடம் ருமேனியாவில் ஒரு வைன் தோட்டம், சனம் மேசை போட்டுக் குடிக்கிற இடம் என்றார். அதற்கு முந்தி நாடகம் என்று சொல்ல அவர்களிடம் வருடத்துக்கு ஒரு பண்டிகைக் கூத்து, கலியாண வீட்டுக் கோமாளி, குடிக்கிற இடங்களில் வேடம் கட்டிப் பாடுகிறவர்கள், இவ்வளவும்தான். அந்தத் தோட்டத்துக்கு ஒரு கவிஞர் வந்தார். பத்திரிகை நடத்திக் கையைச் சுட்டுக்கொண்டவர். நல்ல உடுப்பு உடுத்து, மேடையில் ஏறி, தன்னுடைய ஆழமான கவிதை ஒன்றைச் சொன்னார். சனம் பேசாமல் இருந்தது. பிறகு ஒரு பாட்டுக்காரன் கந்தல் கட்டிக்கொண்டு ஏறி, அதே கவிஞர் எழுதிய பகிடிப் பாட்டைப் பாடிக் குதித்தான். மேசைகள் உடையாத குறை.

"அந்த மனுசனுக்கு நல்லா நொந்திருக்கும். ஆனா விளங்கிட்டுது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவிலை ஒரு கதையைப் போட்டால் சனம் இருந்து பாக்கும் எண்டு."

எழுதிய வசனம் கிடையாது. கவிஞர் கதையைச் சொல்லுவார், இன்னார் இன்னாரைக் காதலிக்கிறார், அப்பா மறிக்கிறார், பிறகு இப்படி முடிகிறது. நடிகர்கள் மேடையில் ஏறி வாய்க்கு வந்ததைச் சொல்லுவார்கள். தொடக்கத்தில் பெண் வேடத்துக்கும் பெடியள்தான். பிறகு ஒரு தையல்காரப் பெண் நடிக்க ஆசைப்பட்டாள். தாய், கலியாணமாகாத பிள்ளை மேடை ஏறக்கூடாது என்றாள். அதற்கென்ன என்று குழுவிலிருந்த ஒரு நடிகர் அவளைக் கட்டிக்கொண்டார், நாடகம் நடந்தது. அப்படித்தான் சொல்லுவினம் என்றார் அக்கா.

"அந்தக் கலியாணம் நிண்டு பிடிச்சதோ?" என்று கேட்டேன்.

"நாடகம் நிண்டு பிடிச்சது."

துருக்கியோடு ரஷ்யாவுக்குச் சண்டை வந்தது. படைக்குச் சாமான் கொடுக்க வந்த வியாபாரிகள் ருமேனியாவில் நிறைந்தார்கள். மாலையில் அவர்களுக்கு வேறு வேலையில்லை, தோட்டம் நிரம்பியது. சண்டை முடிந்ததும் குழுக்கள் ரஷ்யாவுக்குள் போயின. ஒடெசாவில் கூட்டம் அள்ளியது. சனம் ஓரிடத்தில் கூடிச் சிரித்தால் அரசருக்குப் பிடிக்காதுதானே. யிடிஷ் நாடகத்துக்குத் தடை வந்தது. பாதிப்பேர் லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பல் ஏறினார்கள். நின்றவர்கள் பெயர்ப்பலகையை மாற்றினார்கள், 'ஜேர்மன் நாடகக் குழு' என்று. ஜேர்மனுக்குத் தடை இல்லை. பொலிஸ்காரர் மண்டபத்துக்குள் வந்து இருந்தால் மேடையில் எல்லாரும் தங்களுக்குத் தெரிந்த ஜேர்மன் பேசினார்கள். அவர் எழும்பிப் போனால் வீட்டுமொழி. சனத்துக்கும் இது தெரியும். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும், எந்த இடத்தில் சிரிக்காமல் இருக்க வேண்டும் என்று அவர்களும் பழகிவிட்டார்கள்.

எனக்கு இதில் ஒன்றும் புதினமாகப் படவில்லை. கொழும்பில் கலவரத்துக்குப் பிறகு நான் கொஞ்சக்காலம் பஸ்ஸில் வேலைக்குப் போனவன். வாயைத் திறந்தால் தமிழ் விழுந்துவிடும் என்று பல் வலிக்கிறவன் மாதிரி கன்னத்தில் கைவைத்துக்கொண்டு போவேன். கொண்டக்டர் கேட்டால் சிங்களத்தில் ஒரே ஒரு சொல், இறங்குகிற இடத்தின் பெயர். அதை வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகியிருந்தேன். அக்காவுக்கு இதைச் சொன்னேன். அவர் விதை கொறிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப நீங்களும் அந்த ஜேர்மன் குழுதான்" என்றார்.

அக்காவின் நாடகமும் இதைப் பற்றியதுதான். தடைக்காலத்தில் ஒரு சின்ன ஊரில் ஒரு குழு கலியாண நாடகம் போடுகிறது. பொலிஸ்காரர் வருகிறார், போகிறார், வருகிறார். வைன் தோட்டத்து முறைப்படி வசனம் எழுதவில்லை. "கதை என்ரை. பேச்சு உங்கடை" என்று நடிகர்களிடம் சொல்லிவிட்டார். யிடிஷில் அவர்கள் வெளுத்து வாங்கினார்கள். ஜேர்மனில்தான் சிக்கல். எல்லாரும் வயது போனபிறகு வந்தவர்கள். மாப்பிள்ளையாக நடித்தவர் அரசாங்கக் கடிதங்களைப் படித்தே ஜேர்மன் பழகியவர். பெண்ணாக நடித்தவருக்குப் பிரஷர், சீனி, மூட்டு வலி. அவருடைய ஜேர்மன் மருந்துப் பெட்டிக்குள் வருகிற தாளிலிருந்து வந்தது. பொலிஸ்காரர் உள்ளே வரும்போது இந்தக் காதலர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தபடி இருப்பார்கள். "ஆவணங்களை மூலப்பிரதியுடன் சமர்ப்பிக்கவும்" என்பார் அவர். "குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்" என்பார் இவர்.

பொலிஸ்காரர் வேடம் எனக்குத் தரப்பட்டது. காரணம் அக்காவே சொன்னார்.

"நீங்கள் உள்ளை வந்தா எங்களுக்கு உண்மையாப் பயம் வருது தம்பி. அந்தத் திறப்புச் சத்தம். நடிக்கவே தேவையில்லை."

எனக்குக் கோபமும் வந்தது, புளுகமான சந்தோஷமும் வந்தது. வசனம் ஒன்றும் இல்லை. வரவேண்டும், இருக்கவேண்டும், போகவேண்டும். வீட்டில் சொன்னேன். மனைவி, "உங்களைக் கண்டு ஒரு சனம் பயப்பிடுதெண்டா நானும் ஒருக்கா வந்து பாக்கவேணும்" என்றார்.

அவர் வரவில்லை. அக்காவைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். அக்கா எங்கள் வீட்டில் என் கதிரையைத்தான் தேர்ந்தார், அதிலிருந்துதான் கதவு தெரியும். மீன் குழம்புக்குள் என்ன புளி போட்டது என்று கேட்டுக்கொண்டிருந்தார். வேலையால் வந்த என் மகன் வீட்டுக் கதவைத் திறந்தான். "ஜேர்மன் ரயில் சேவையைக் குறைசொல்ல ஒன்றுமில்லை" என்றார் அக்கா. அப்போதுதான் அன்றைய ரயில் பிந்தி வந்து பிள்ளை பசியில் எரிந்துகொண்டிருந்தான்.

அக்கா போனபிறகு மனைவி கேட்டார், "இந்த மனுசி முந்திப் பொலிஸிலை வேலை செய்தவவோ?"

"இல்லை. பாண் பக்டரியிலை கணக்குப் பிரிவு."

"அப்ப ஏன் உப்பிடி?"

அதை நானும் அக்காவிடம் கேட்டிருக்கிறேன். சோவியத் காலம், அந்த மொழியைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். பாண் பக்டரியில் ஒருநாள் தாயோடு ரெலிபோனில் யிடிஷில் கதைத்துக்கொண்டிருந்தாராம். மேலாளர் கதவைத் திறந்துகொண்டு வந்து, கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

"பிறகு என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை. அதுதான் வில்லங்கம். எப்ப நடக்குமெண்டு வேலையை விடுமட்டும் பாத்துக்கொண்டிருந்தன்."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ஒருவர் சொல்லலாம். நான் சொல்லமாட்டேன். இந்த நாட்டில் அந்த மொழிக்காரருக்கு என்ன நடந்தது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். இப்போது நிலைமை தலைகீழ். அக்கா யிடிஷ் பேசுவார் என்று தெரிந்தால் ஜேர்மன்காரர் கையைப் பிடித்துக்கொள்வார்கள், ஒரு சொல்லாவது சொல்லச் சொல்லிக் கண் கலங்குவார்கள்.

"முந்தி வாயைத் திறந்தா அடிப்பினம். இப்ப வாயைத் திறந்தா அழுகினம்" என்றார் அக்கா. "எனக்கு ரெண்டுக்கும் பயம்."

இந்தப் பகிடியெல்லாம் அத்தானுக்குப் பக்கவாதம் வரும்வரைதான்.

அத்தான் தையல்காரர். நாடகத்தில் பெண்ணின் தகப்பன். வலது பக்கம் விழுந்தது, சக்கரக் கதிரை வந்தது. அதோடு பேச்சும் போனது. கொஞ்சக் காலத்தில் பேச்சு திரும்பியபோது யிடிஷ் மட்டும் வந்தது. ஜேர்மன் இல்லை, ரஷ்யன் இல்லை, ருமேனியன் இல்லை. பிந்தி வந்தவை முந்திப் போகும், முதல் வந்தது கடைசிவரை நிற்கும், சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்று வைத்தியர் சொன்னாராம். மற்ற மொழிகளில் பேசவும் முடியவில்லை, யாரும் பேசினால் விளங்கவும் இல்லை. பீலெஃபெல்டில் அவரோடு கதைக்கக்கூடியவர்கள் அந்த மண்டபத்தில் இருந்த ஏழு பேர்தான். அதிலும் ஒருவர் அவரே.

வியாழக்கிழமைகளில் அத்தான் கதைப்பார். கிழமை முழுவதும் சேர்த்து வைத்ததை வந்து கொட்டுவார். மாப்பிள்ளை வேடக்காரரின் காற்சட்டைத் தையலைக் குறைசொல்வார், பெண் வேடக்காரரோடு சண்டை பிடிப்பார். கதவுக்கு வெளியே நின்று அந்த மனிதரின் சத்தம் கேட்க எனக்கு ஆசையாக இருக்கும்.

அப்ப வீட்டில் அக்கா கதைக்கமாட்டாரா என்று கேட்பீர்கள். கதைப்பார், மெல்லிய குரலில். அடுக்குமாடியில் சுவர் மெல்லியது. சுவருக்கும் காது என்று நாங்கள் சொல்லுவதை அவர் உண்மையாகவே நம்பினார். வெளியே வந்தால் அதுவும் இல்லை. ஒருநாள் மருந்துக்கடை வரிசையில் அவர்களுக்குப் பின்னால் நின்றேன். அத்தான் சக்கரக் கதிரையிலிருந்து தலையைத் திருப்பி ஏதோ கேட்டார், யிடிஷில். அக்கா குனிந்து, "ஆம், இன்றைக்கு வெயில் நன்றாக இருக்கிறது" என்று ஜேர்மனில் சொன்னார். அத்தான் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவும் கேட்டார். திரும்பவும் வெயில். மூன்றாந்தரம் அவர் கேட்கவில்லை, மடியில் கிடந்த தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். எனக்கு அக்கா மேல் கோபம் வந்தது. ஐந்து பேர் நிற்கிற வரிசையில், இருமலுக்கு மருந்து வாங்க வந்த சனத்துக்கு முன்னால், என்ன பயம்? கேட்கவில்லை. பஸ்ஸில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போனவன் எந்த முகத்தோடு கேட்பது.

அந்த மாரிகாலம் வியாழக்கிழமைக்கு ஆபத்து வந்தது. கீழ் மண்டபம் வியாழன் மாலையில் தங்களுக்கு வேண்டும் என்று ஒரு யோகா குழு கேட்டிருந்தது. அவர்கள் நிறையப் பேர், இளம் ஆட்கள். நகரசபையின் கலாசாரப் பகுதியிலிருந்து ஒருவர் வந்து பார்த்து முடிவு சொல்வார் என்றார்கள். யோகா என்றதும் நான் அவர்கள் பக்கம் என்று நிலையத்தில் எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். என் வாழ்க்கையில் நான் குனிந்து காலைத் தொட்டது சப்பாத்து நூல் கட்டத்தான். மற்ற நாட்கள் மண்டபம் காலியாக இல்லை. சக்கரக் கதிரை ஏறச் சாய்தளம் உள்ள வேறு மண்டபம் அந்தப் பக்கத்தில் கிடையாது. மண்டபம் போனால் குழு கலையும். குழு கலைந்தால் அத்தானின் வாய் மூடும். இது அக்காவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், காற்சட்டைத் தையல் பிழைத்த மாப்பிள்ளைக்கும் தெரியும்.

"எங்களுக்கு ஒரே ஒரு நல்ல காலம்" என்றேன். "வாறவருக்கு யிடிஷ் கேக்கத்தான் ஆசை. நீங்கள் அதிலை கதைச்சாலே காணும்."

"ஓம் ஓம்" என்றார் அக்கா. "அது சுகம்தானே." சொல்லும்போது கதவைப் பார்த்தார்.

வந்தவர் நல்ல மனுசன் மாதிரித்தான் இருந்தார். நெடிய ஆள், இளந்தாரி, கழுத்தில் அடையாள அட்டை, கையில் நனைந்த குடை. வழக்கமான வியாழக்கிழமை எப்படியோ அப்படியே நடக்கட்டும், தன்னைக் கவனிக்கவேண்டாம் என்று நடைவழியில் என்னிடம் சொன்னார். பொலிஸ்காரர் வந்தால் ஜேர்மன், போனால் யிடிஷ் என்று நான் அவருக்கு விளக்கினேன். அவருக்கு நன்றாகப் பிடித்தது. மெதுவாகக் கதவைத் திறந்து கடைசி வரிசையில் போய் இருந்தார்.

அவர் கதவைத் திறந்த அந்தக் கணமே எல்லாரும் ஜேர்மனுக்குப் போய்விட்டார்கள்.

பரவாயில்லை, எப்படியும் நான் உள்ளே போகிற இடந்தான் என்று நினைத்துத் திறப்புகளைக் குலுக்கிக்கொண்டு போனேன். இருந்தேன். விண்ணப்பம் பரிசீலனையில் இருந்தது. எழும்பி வெளியே வந்தேன். இப்போது உள்ளே யிடிஷ் வெடிக்கவேண்டும். கதவில் காதை வைத்தேன். "மேலதிக விபரங்களுக்கு உங்கள் வைத்தியரை நாடவும்" என்று கேட்டது. திரும்பப் போனேன். திரும்ப வந்தேன். சுவர் மணிக்கூட்டுக் குருவி மாதிரி நான் போய் வந்துகொண்டிருக்க, உள்ளே ஜேர்மன் மாறவேயில்லை. பொலிஸ்காரர் போனாலும் நகரசபை போகவில்லையே. அவர்களுக்கு யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. மாறாகச் செய்யத்தான் சொல்லியிருந்தோம். வாய் கேட்கவில்லை. அக்காவைப் பார்த்தேன். கதவுக்கு நேரே தன் கதிரையில் நிமிர்ந்து இருந்து, "காட்சி மிகவும் ஒழுங்காக நடைபெறுகிறது" என்று சுத்த ஜேர்மனில் சொல்லிக்கொண்டிருந்தார். வந்தவர் ஒருதரம் சிரித்தார். பிறகு குறிப்பு எழுதினார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார்.

தகப்பன் பெண்ணை ஆசீர்வதிக்கிற இடம் வந்தபோது நான் திறந்த கதவடியில் நின்றேன். அத்தானின் கதிரையை நடுவில் தள்ளிவிட்டார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், ஒவ்வொருவர் வாயாகப் பார்த்தார். மருந்துக்கடையில் பார்த்த அதே பார்வை. வியாழக்கிழமையும் போய்விட்டது என்று அந்த மனிதர் நினைத்திருக்கவேண்டும். பிறகு மண்டபம் முழுக்கக் கேட்க, யிடிஷில், மனைவியிடம் கேட்டார்.

"எல்லாரும் ஏன் உப்பிடிக் கதைக்கினம்? ஆர் வந்தது?"

எனக்கு யிடிஷ் வராது. ஆனால் ஜேர்மன் தெரிந்தவனுக்கு அந்தக் கேள்வி விளங்கும். கடைசி வரிசையில் இருந்தவருக்கும் விளங்கியது, பேனை நின்றது. அக்காவின் வாய் திறந்து வெயிலுக்குத் தயாரானதைக் கண்டேன். மூடியது. கதவைப் பார்த்தார். அட்டை போட்டவரைப் பார்த்தார். திறப்போடு நிற்கிற என்னைப் பார்த்தார். பிறகு எழும்பி, தன் கதிரையை இழுத்துக்கொண்டு நடந்தார். நான் மெழுகு பூசிய நிலத்தில் நீளக் கீறல் விழுந்தது. அத்தானுக்கு முன்னால் அதைப் போட்டு, முழங்காலும் முழங்காலும் முட்ட இருந்தார். முதுகு கதவுக்கு. எங்கள் எல்லாருக்கும்.

"ஒருத்தரும் வரேல்லை" என்றார், யிடிஷில், சத்தமாக. "நீங்கள் சொல்லுங்கோ."

அத்தான் சொன்னார். ஆசீர்வாதம் சொன்னார். அது முடிய மாப்பிள்ளையின் வேலையைப் பற்றிக் கேட்டார், காற்சட்டையை இழுத்தார். மாப்பிள்ளை தன்னை அறியாமல் யிடிஷில் பதில் சொன்னார். பெண் அழுதுகொண்டே சண்டைக்கு வந்தார். பிறகு எல்லாரும் வந்தார்கள். நாடகத்தில் நான் உள்ளே போக இன்னும் ஒருதரம் இருந்தது. போகவில்லை. கண் கலங்கியிருந்தது, பொலிஸ்காரர் அப்படிப் போகக்கூடாது.

முடிந்ததும் வந்தவர் எழும்பிக் கைதட்டினார். அக்காவிடம் போய், கிழவர் கேள்வி கேட்கிற அந்த இடம் எழுதி வைத்ததா என்று கேட்டார். அக்கா அவருக்கும் யிடிஷிலேயே பதில் சொன்னார், எங்களிடம் எழுதி வைத்தது ஒன்றும் இல்லை என்று. ஜேர்மனுக்கு மாறவில்லை. அவருக்குப் பாதி விளங்கியிருக்கும். மண்டபத்துக்கு அந்தப் பாதி போதுமாக இருந்தது. வியாழக்கிழமை அவர்களுக்கே என்று சொல்லி அனுப்பினார்கள். யோகாவுக்கு வேறு ஏதோ நாள் ஒதுக்கினார்கள்.

அத்தான் இறந்துபோனபிறகு அக்கா கனடாவில் மகளிடம் போய்விட்டார். இப்போது கதவை எந்தப் பக்கம் வைத்துக்கொண்டு இருக்கிறாரோ தெரியாது. பழக்கம் அப்படிச் சுலபத்தில் போகாது. அன்றைக்குப் பிறகும் நான் ஹீற்றர் பார்க்கப் போனால் மற்றவர்கள் விண்ணப்பத்துக்கும் மருந்துக்கும் போனார்கள்.

ஆனால் மண்டபம் கிடைத்த அந்தக் கிழமை, பூட்டிவிட்டு அவர்களோடு ட்ராமில் வந்தேன். வேலை முடிந்த நேரம், நிற்க இடமில்லை. அத்தான் சக்கரக் கதிரையிலிருந்து தலையைத் திருப்பி ஏதோ கேட்டார். அவருக்குச் சத்தம் குறைக்கத் தெரியாது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெடியன் காதிலிருந்து வயரைக் கழற்றினான். அக்காவின் கழுத்து கதவுப் பக்கம் திரும்பப் போய், பாதியில் நின்றது. அப்படியே குனியாமல், யிடிஷில், ஓட்டுநர்வரை கேட்கும்படி பதில் சொன்னார். அத்தான் தலையை ஆட்டினார்.

இறங்கியதும் என்ன கேட்டவர் என்று அக்காவிடம் கேட்டேன்.

"வீட்டிலை பால் இருக்கோ எண்டு கேட்டவர்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"இல்லை, வாங்கவேணும் எண்டனான்" என்றார்.